தாயிடம் கேட்கப்படாத கேள்விகள்: ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் சான்றிதழ் மாறிய நிகழ்வு ஆய்வு

திருப்பூர்ப் பகுதியில், கற்பதில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராகப் பணியாற்றுகிறேன். 2023 ஆகஸ்டில் என்னிடம் வந்த ஒரு தாயையும் அவருடைய மகனையும் பற்றிய பதிவு இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். எழுதி முடித்ததும் தாய் படித்தார். மகன் என்னை வாசிக்கச் சொல்லி முழுவதையும் கேட்டான். ஓர் இடத்தில் கணக்கைத் திருத்தினான். இருவரும் சம்மதித்த பிறகே இது வெளியாகிறது.

பின்னணி

குடும்பம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்தது. தாய் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். தந்தை இல்லை. கணவர் இறந்த ஆண்டில் மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அவர் மட்டும் வேலைக்கு வந்திருக்கிறார். அந்த ஆறேழு மாதங்கள் பிள்ளை பள்ளிக்கே போகவில்லை. 2017 டிசம்பரில் இங்கே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தான். எட்டு வயது. புது ஊர், புது வகுப்பு, அப்பா இல்லாத வீடு. யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தான் என்று தாய் சொல்கிறார்.

இரண்டே மாதத்தில், 2018 பிப்ரவரியில், ஒரு மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடந்தது. அங்கே அவனுக்கு ‘அறிவுசார் குறைபாடு, இலேசானது, 50 விழுக்காடு’ என்று சான்றிதழ் கிடைத்தது. தாய்க்கு அன்று வேலை நாள். பள்ளியில் காட்டிய இடத்தில் மறுநாள் கையெழுத்துப் போட்டார். அந்தக் குறிப்பு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத் தளமான எமிஸ் பதிவில் ஏறியது. ஒவ்வொரு வகுப்புக்கும் அவனோடு கூடவே போனது.

அதன் பிறகு நடந்ததைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர்கள் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. கடைசி வரிசையில் உட்காரவைத்து, படம் வரையத் தாள் கொடுத்தார்கள். தேர்வில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதினாலும் கண்டுகொள்ளவில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் அவனும் ஏறிக்கொண்டே வந்தான். அன்பாகவே கைவிடப்பட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும் தலைமையாசிரியர் தாயை அழைத்தார். ‘பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இவனுக்குப் பாரம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்’ என்றார். அப்போதுதான் தாய் என்னைத் தேடி வந்தார்.

கவனித்தவை

முதல் சந்திப்பில் தாய் ஒரு நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். அவரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வரும் வாரம் முழுக்கத் தைத்த டஜன் கணக்கு அதில் இருந்தது. சனிக்கிழமை மாலை கம்பெனியில் கொடுக்கும் தொகை சரிதானா என்று ஐந்து பேருக்கும் பார்த்துச் சொல்பவன் மகன்தான். நான் ஒரு வரியைக் காட்டினேன்: 37 டஜன், டஜனுக்கு எட்டேகால் ரூபாய். கூரையைப் பார்த்தபடி சொன்னான்: ‘37 எட்டு 296. 37 கால், ஒன்பதேகால். முந்நூற்று ஐந்தேகால்.’ காகிதம் கேட்கவில்லை.

பிறகு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து நூறு சொற்கள் கொண்ட பகுதியை வாசிக்கச் சொன்னேன். நான்கு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று. பிழைகள் 23. எல்லாவற்றையும் குறித்து வகை பிரித்தேன். 14 பிழைகள் கொம்பு வரும் எழுத்துகளில்: கெ, கே, கொ, கோ, கை. தமிழில் இந்தக் குறிகள் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வரும். ‘கொ’ என்றால் இரு பக்கமும் குறி. கண் போகும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் மாறும் இந்த இடத்தில்தான் வாசிப்புக் குறைபாடு உள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சிய பிழைகள் ல, ள, ழ குழப்பமும், முதல் எழுத்தை வைத்து மீதியை ஊகித்ததும். அதே பாடத்தை நான் வாசித்துக் காட்டியதும் கதையை வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னான். கதையில் வரும் குருவி ஏன் திரும்பி வரவில்லை என்று நான் கேட்காமலே காரணமும் சொன்னான்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கணக்கு வினாத்தாளை வாங்கிவரச் சொன்னேன். பள்ளியில் அவன் பெற்றது 100-க்கு 9. அதே தாளை நான் வாசித்துக் காட்டி, விடைகளை வாயால் சொல்ல வைத்தேன். இரண்டு மாலைகளில் முடித்தோம். 48 வந்தது. பாடத்தில் பாதியை யாரும் அவனுக்கு நடத்தவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீட்டைப் பற்றி விசாரித்தேன். ரேஷன் கடைக்குப் போவது, கேஸ் பதிவு செய்வது, தங்கையைப் பள்ளியில் விடுவது எல்லாம் அவன் பொறுப்பு. போன தைப்பூசத்துக்குத் தனியாகப் பஸ் ஏறிப்போய்ப் பாட்டியை அழைத்துவந்திருக்கிறான். பஸ்ஸின் பெயர்ப் பலகை படிக்க வராது என்பதால் நடத்துநரிடம் கேட்டு ஏறுவான். தாய்மாமனும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஊரில் பேர் சொல்லும் மெக்கானிக். வாசிப்புக் குறைபாடு குடும்பவழி வருவதுண்டு.

அறிவுசார் குறைபாடு என்று முடிவு செய்ய நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.) குறைவாக இருந்தால் மட்டும் போதாது. அன்றாட வாழ்வை நடத்தும் திறனிலும் குறை தெரிய வேண்டும். இந்தப் பையனிடம் அந்த இரண்டாவது குறை அறவே இல்லை. 1969-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்தரங்கு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ‘ஆறு மணி நேர மந்தப் பிள்ளை’ என்று பெயர் வைத்தது. பள்ளி மணி அடித்ததும் தொடங்கி, வீட்டு மணி அடித்ததும் மறைந்துவிடும் குறைபாடு. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பிள்ளை என் எதிரே உட்கார்ந்திருந்தான்.

முதல் முடிவும் அதன் பிழையும்

இவ்வளவு கவனித்த பிறகும் நான் தாயிடம் முதலில் சொன்னது, ‘பத்தாம் வகுப்பு முடியட்டும், அதுவரை இந்தச் சான்றிதழைத் தொட வேண்டாம்’ என்பதுதான். இரண்டு காரணங்கள் வைத்திருந்தேன். சான்றிதழ் இருந்தால் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் தடையின்றிக் கிடைக்கும். மேலும், அந்த ஆடியில்தான் அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வரத் தொடங்கியிருந்தது. பீஸ் ரேட்டில் பிழைக்கும் வீட்டிலிருந்து அதைப் பிடுங்கும் வேலையைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

பையனிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் பிழை.

அக்டோபரில் அடுத்த முகாமுக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலை வகுப்பிலேயே வாசித்திருக்கிறார்கள், குறைபாட்டின் வகையோடு. மறுநாளிலிருந்து பையன்கள் அவனை ‘எம்.ஆர்.’ (மென்டல் ரிடார்டேஷன் என்பதன் சுருக்கம்) என்று கூப்பிட்டார்கள். அவன் இரவு தாயிடம் கேட்டிருக்கிறான்: ‘அம்மா, எம்.ஆர். என்றால் என்ன? எனக்கு மூளை வளரவில்லை என்கிறார்களே, உனக்கு இது முன்னாலேயே தெரியுமா?’

தாய் அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் என்னிடம் வந்தார். ‘இரண்டாயிரம் வந்தால் வாடகையில் பாதி தீரும், டீச்சர். அதற்காக அவனிடம் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்க முடியாது’ என்றார். அன்றே என் ஆலோசனையைத் திரும்பப் பெற்றேன்.

எழுத்தில் கேட்டது

சான்றிதழை மாற்ற உதவும்படி வாய்மொழியாகக் கேட்டபோது தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். அவர் தரப்பையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ‘அம்மா, இந்தச் சான்றிதழ் இருக்கிற வரைக்கும் உங்கள் பையனை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எடுத்துவிட்டால் மற்றவர்களைப் போல அவனும் எழுத வேண்டும், தோற்றுப்போவான்’ என்றார். உண்மையாகவே அப்படி நம்பினார். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறித்த கவலையும் அதில் கலந்திருந்தது. அவரே பின்னர் அதை ஒப்புக்கொண்டார்.

சட்டம் என்ன வழி தருகிறது என்று பார்த்தோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சான்றிதழை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இடம் தருகிறது. ஆனால் விதிகளின்படி 90 நாளுக்குள் செய்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் போய்விட்டன. எனவே மறுமதிப்பீட்டைக் கேட்பது என்று முடிவு செய்தோம். அதற்கு வலுவான காரணமும் கையில் இருந்தது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, இவ்வகைச் சான்றிதழைப் பிள்ளையின் 10 வயதில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இவனுக்கு அது நடக்கவே இல்லை. பத்து வயது நடந்த காலத்தில்தான் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. சான்றிதழில் மறுமதிப்பீட்டு வயது குறிக்க வேண்டிய இடமும் காலியாக இருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் தாய் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்த சட்ட மொழியை அவர் ஏற்கவில்லை. தன் சொற்களிலேயே எழுதினார். மூன்று கோரிக்கைகள்: 2018 மதிப்பீட்டுத் தாள்களின் நகல் வேண்டும், மறுமதிப்பீட்டுக்குப் பள்ளி பரிந்துரைக் கடிதம் தர வேண்டும், முடிவு வரும்வரை மகனை முன் வரிசையில் உட்காரவைத்து எல்லாப் பாடமும் நடத்த வேண்டும். பள்ளியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கினோம். மூன்று வாரம் பதில் வரவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதே கடிதத்தின் நகலைக் கொடுத்தார். மனு முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போன பிறகுதான் வேலை நகர்ந்தது.

பழைய தாளை, கல்வித் துறையின் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒப்பந்த ஊதியத்தில் பல பள்ளிகளுக்கு அலையும் இளம் பெண் அவர். அவர் இல்லாவிட்டால் இந்த நிகழ்வு இப்படி முடிந்திருக்காது. தாள் ஒரே பக்கம். பினே–காமத் சோதனையில் நுண்ணறிவு எண் 62. அது பெரும்பாலும் வாய்மொழியால் நடக்கும் சோதனை. கேட்கும் எண்களைத் திருப்பிச் சொல்வது, சொற்பொருள் சொல்வது போன்றவை நிறைய வரும். அந்நியர் முன் பேசாத பிள்ளைக்கு அது சுவர். கீழே வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண் 65 என்று இருந்தது. அந்த அளவுகோல் பிள்ளையை அருகிருந்து அறிந்தவரிடம் கேட்டு நிரப்புவது: தானாகக் குளிக்கிறானா, காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறானா, ஊருக்குள் தனியாகப் போய் வருகிறானா. அதன் ஓரத்தில் எழுதியிருந்தது: ‘தகவல் அளித்தவர்: வகுப்பாசிரியர்’.

இரண்டு மாதமாக அவனை வகுப்பில் மட்டும் பார்த்தவர். தாய் அந்த வரியில் விரலை வைத்து நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

கூட்டமும் மறுமதிப்பீடும்

டிசம்பர் நடுவில் தலைமையாசிரியர் அறையில் கூடினோம். அவர், வகுப்பாசிரியர், சிறப்புப் பயிற்றுநர், தாய், நான். சனிக்கிழமைக் கணக்கு நோட்டையும், 9-ம் 48-ம் வாங்கிய ஒரே வினாத்தாளையும் மேசைமேல் வைத்தோம். வாதம் அதிகம் தேவைப்படவில்லை. கணக்காசிரியரை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் தாளைப் புரட்டிவிட்டு, ‘இதை நான் வாசித்துக் காட்டியிருக்கலாமே’ என்று மட்டும் சொன்னார்.

ஒரு கட்டத்தில் வகுப்பாசிரியர், ‘மனவளர்ச்சி குன்றியவன் என்ற அவமானம் போனால் நல்லதுதான்’ என்றார். தாய் குறுக்கிட்டார். ‘அவமானம் இல்லை, சார். எங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு அந்த அட்டை வேண்டும். என் மகனுக்கு வேண்டியது வேறு அட்டை.’ என் பணிக்காலத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

2024 ஜனவரியில் அரசு மருத்துவமனையில் மறுமதிப்பீடு நடந்தது. மொத்தம் மூன்று முறை வரச்சொன்னார்கள். மூன்று நாள் கூலி போயிற்று. முதலில் செவித்திறன், பார்வை. காதில் குறையில்லை. இடக் கண்ணில் சிறிய கிட்டப்பார்வை இருந்தது. பிறகு மருத்துவ உளவியலாளர் மாலின் நுண்ணறிவுச் சோதனையை நடத்தினார்: வாய்மொழிப் பகுதி 87, செயல் பகுதி 103, மொத்தம் 95. சமூக முதிர்ச்சியைத் தாயிடம் கேட்டே நிரப்பினார். வயதுக்கு ஏற்றதாக வந்தது. நெறிமுறைப்படி நுண்ணறிவு எண் 85-க்கு மேல் இருந்தால் அடுத்த கட்டமாகக் கற்றல் குறைபாட்டுக்கான, அதாவது அறிவுத் திறன் இருந்தும் வாசிப்போ எழுத்தோ கணக்கோ வராத நிலைக்கான, சோதனைத் தொகுப்பு; பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கியது. அதில் வாசிப்பு மூன்றாம் வகுப்பு நிலையிலும், எழுத்து இரண்டாம் வகுப்பு நிலையிலும் இருப்பது தெரிந்தது. கற்றல் குறைபாட்டுக்கு 8, 14, 18 ஆகிய வயதுகளில் சான்றளிக்க வேண்டும் என்பது அப்போதைய நெறிமுறை. அவனுக்கு அப்போது 14 வயது. பிப்ரவரி இறுதியில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று புதிய சான்றிதழ் வந்தது.

பின்னர் நடந்தவை

எமிஸ் பதிவைத் திருத்த ஜூன் வரை ஆயிற்று. உதவித்தொகையை நிறுத்தச் சொல்லித் தாயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். வாடகைக்கு ஈடுகட்ட இரவு ஷிப்ட் எடுத்துக்கொண்டார். இந்தச் செலவை நிகழ்வின் பக்கக் குறிப்பாக நான் கருதவில்லை. சரியான சான்றிதழுக்கு அந்த வீடு மாதம் 2,000 ரூபாய் விலை கொடுத்தது.

வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் என்னிடம் வாசிப்புப் பயிற்சி. பதினான்கு வயதுப் பையனுக்கு அணில், ஆடு படப் புத்தகத்தை நீட்ட முடியாது. கம்பெனியின் அளவுச் சீட்டுகள், பஸ் பெயர்ப் பலகைகளின் புகைப்படங்கள், வண்டி பழுதுபார்க்கும் கையேடு என்று எடுத்தோம். கொம்பு எழுத்துகளை மட்டும் முதல் இரண்டு மாதம். ஓராண்டில் நூறு சொற்களை இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வாசித்தான். இன்னமும் வயதுக்கு மிகக் குறைவுதான். பஸ் பலகை வாசிக்கப் போதும்.

பத்தாம் வகுப்புக்கு, சொல்வதை எழுதுபவருக்கும் ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசத்துக்கும் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பித்தோம், கிடைத்தன. ஆங்கிலத்துக்கு விலக்குக் கேட்டோம். தமிழுக்கு விலக்கு வேண்டாம் என்று சொன்னது அவன். 2025 மே மாதம் முடிவு வந்தபோது கணக்கில் 71, தமிழிலும் சமூக அறிவியலிலும் தேர்ச்சி, அறிவியலில் தோல்வி. தலைமையாசிரியர் அஞ்சியது ஒரு பாடத்தில் நடந்துவிட்டது. ஜூலை துணைத் தேர்வில் அதையும் எழுதித் தேறினான். இப்போது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் படிக்கிறான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய வகுப்புத் தோழர்கள் சிலர் அந்தப் பெயரை இன்னும் விடவில்லை. புதிய ஆசிரியர் யாராவது உரக்க வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்று எழுந்துவிடுகிறான். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நடத்தப்படாத பாடங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்று இப்படி ஒரு பிள்ளை வந்தால் முதல் வாரத்திலேயே பழைய மதிப்பீட்டுத் தாளை எழுத்தில் கேட்பேன். சான்றிதழை மட்டும் பார்த்து நிற்க மாட்டேன். அந்த ஒரு வரியை ஆகஸ்டிலேயே பார்த்திருந்தால் ‘எம்.ஆர்.’ என்ற சொல் அவன் காதில் விழும் முன்னரே செயல்பட்டிருப்போம். கண், காது பரிசோதனையை மருத்துவமனை சொல்லும்வரை தள்ளிவைத்ததும் என் தவறு. ஐந்து மாதம் அவன் கண்ணாடி இல்லாமல் என் முன் வாசித்தான்.

பிள்ளையிடம் பேசுவேன். பதினான்கு வயதுக்காரனுக்குத் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதை வகுப்பில் ஒரு பட்டியலிலிருந்து அவன் தெரிந்துகொள்ள நான் விட்டிருக்கக் கூடாது. அந்தப் பட்டியலை இப்போது பள்ளி வகுப்பில் வாசிப்பதில்லை. பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்கிறார்கள்.

இன்னொரு வேலை முடியாமல் கிடக்கிறது. 2018 பிப்ரவரி முகாமில் அதே வகுப்பிலிருந்து மேலும் மூன்று பிள்ளைகள் மதிப்பிடப்பட்டார்கள். சிறப்புப் பயிற்றுநர் அந்தத் தாள்களையும் எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் அதே கையெழுத்தில், ‘தகவல் அளித்தவர்: வகுப்பாசிரியர்’. இரண்டு குடும்பங்களை அழைத்து மறுமதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். மூன்றாவது குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தப் பெண் பிள்ளை இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறாள் என்று எமிஸ் எண்ணை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.